எட்டு விரல்

மேரிபெத் கல்யாணத் தேதியைச் சொன்னதும் வெண்டெல் ஓடம் தன் முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டார். சத்தமே வரவில்லை. ஆனால் அவருக்குப் பக்கத்தில் இருந்த அவர் மகன் ஹாலிஸின் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். அவள் கட்டிக்கொள்ளப் போகிறவன் அவன்தான். அவள் அப்பா வீட்டில் சம்பந்திகள் முதன்முறையாகச் சேர்ந்து சாப்பிடும் ஞாயிற்றுக்கிழமை, கோழி வறுவலில் இன்னும் ஆவி பறக்கிறது, அதற்குள் மேஜை முழுக்க ஏதோ விறைத்துப்போனது. எங்கே தப்பு செய்தோம் என்பது அவளுக்குச் சற்றுக் கழித்துத்தான் உறைத்தது.

அலபாமாவில் அக்டோபர் சனிக்கிழமையில் கல்யாணம் வைக்கப் புத்தியுள்ளவர்கள் யோசிப்பார்கள். அழைத்தவர்களில் பாதிப் பேர் ஃபுட்பால் மைதானத்தில் இருப்பார்கள். வரும் பாதியும் பாதிரியார் ஜெபிக்கும்போது காதில் ஒயரை மாட்டி ஆட்டம் கேட்டுக்கொண்டிருக்கும். இது அவள் அறியாததல்ல. நவம்பரில் ஹாலிஸுக்கு டெக்சஸில் வேலை, தேவாலயத்தில் கிடைத்ததோ இரண்டே சனிக்கிழமைகள், இரண்டாவதும் நான்காவதும். அதனால் சமையலறை ஃப்ரிட்ஜில் காந்தத்தோடு ஒட்டியிருந்த ஆட்ட அட்டவணையைப் பார்த்துத்தான் இரண்டாவதைக் குறித்தாள். அன்று அப்பா உயிரை விடும் அலபாமா பல்கலைக்கழக அணிக்கு ஓய்வு. ஆனால் அன்று அதே மாநிலத்துப் பரம எதிரியான ஆபர்ன் பல்கலைக்கழக அணிக்குச் சொந்த மைதானத்தில் ஆட்டம். ஓடம் குடும்பம் ஆபர்ன் குடும்பம். அந்த அணியின் அட்டவணை அட்டை ஒன்றை வெண்டெல் அவளுக்கே கொடுத்திருந்தார். அது அவள் கைப்பையில்தான் கிடந்தது. அதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அவள் அப்பா ராய்ஸுக்கு டிராக்டர் உதிரிபாகக் கடை. ஒருவரை வாங்கவைக்கிற வரை விடாத வாய். தேதியை மாற்றலாமா என்று ஹாலிஸ் இழுத்ததும், சிரித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார். பெரிய இடத்து ஆட்டம் என்றால் தானே மாற்றச் சொல்லியிருப்பேன் என்றார். பெரிய இடம் எது என்று யாரும் கேட்கவில்லை. அவராகவே கோழி எண்ணெய் மின்னும் விரல்களை மடக்கத் தொடங்கினார். அலபாமா, நோட்ர டேம், ஓஹையோ ஸ்டேட், மிச்சிகன், யூ.எஸ்.ஸி., ஓக்லஹோமா, டெக்சஸ், நெப்ராஸ்கா.

"எட்டு. ஒன்பதாவது கிடையாது."

நெப்ராஸ்கா சாம்பியன் பட்டம் வாங்கிக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்றே என்று வெண்டெல் மெல்லச் சொன்னார். தபால்காரராக வீடு வீடாக நடந்தே பழகிய மனிதர். பேச்சும் நடை மாதிரி அவசரமில்லாதது. ஆபர்ன் இரண்டாயிரத்துப் பத்தில் வாங்கியிருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

"பெரிய குடும்பம் நொடிச்சுப் போனாலும் பெரிய குடும்பந்தான் வெண்டெல். நேத்து காசு பார்த்தவன்லாம் அதுல சேர முடியாது."

பேச்சு ஃபுட்பாலை விட்டு எப்போதோ வெளியே போய்விட்டிருந்தது. ஹாலிஸ் தட்டில் அவரையை ஒதுக்கிக்கொண்டிருந்தான். உன் அப்பாவைத்தானே சொல்கிறார், ஏதாவது சொல்லேன் என்று மேரிபெத் மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள். அவன் காலை இழுத்துக்கொண்டான். இவனை நம்பியா டெக்சஸுக்குப் போகப்போகிறோம் என்று ஒரு கணம் அவளுக்குப் பயம் வந்தது.

வெண்டெலே பேசினார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தொண்ணுல ரெண்டு ஆட்டம் தோத்து, இருபதாவது இடத்துல முடிச்சீங்க. அதையும் சாம்பியன் கணக்குல சேத்துக்கிட்டீங்க. ரெண்டாயிரத்து நாலுல நாங்க பதிமூணும் ஜெயிச்சோம். இறுதிப் போட்டிக்குக் கூப்பிடக்கூட இல்ல. எதை வச்சு எண்றீங்க ராய்ஸ்?"

ராய்ஸின் வீட்டில் அந்த நாற்பத்தொன்றை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ராய்ஸின் கழுத்து சிவந்தது. வெண்டெல் அதைப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தானே இறங்கி வந்தார். மகனுக்கு ஒரு கல்யாணம்தான், ஆட்டம் அடுத்த வருஷமும் வரும், தேதி அப்படியே இருக்கட்டும் என்றார்.

ராய்ஸ் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "பாத்தியாம்மா? எது முக்கியம்னு அவருக்கே தெரியுது."

போன நவம்பரில் ஆபர்ன் மைதானத்தில் அடைமழை பெய்த நாள் மேரிபெத்துக்கு நினைவுக்கு வந்தது. வெண்டெலின் மனைவி இறந்த பிறகு அவர் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. அதற்கும் வருடா வருடம் சீட்டு வாங்கிவிடுவார். அன்று அதில் அவளை உட்காரச் சொன்னார். நடுங்கியவளுக்கு மனைவியின் நீல மழைக்கோட்டைப் போர்த்திவிட்டார். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று இருவருமே வெளியில் மூச்சு விடவில்லை. இவ்வளவு கேட்டும் மனிதர் இன்றுகூட அதைச் சொல்லவில்லை.

அவள் எழுந்து கைப்பையைத் திறந்தாள். நீலமும் ஆரஞ்சுமான காந்த அட்டையை எடுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜுக்குப் போய், அலபாமா அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

"போன வருஷம் இவங்களோட போய் உக்காந்தேன்பா. இவங்க வீட்டம்மா சீட்டுல. மழைக்குப் போட்டுக்கிட்ட கோட்டும் அவங்களோடதுதான்."

அவள் பேனாவின் மூடியைக் கழற்றி, அந்த ஆபர்ன் அட்டையில் அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமையை அடித்தாள், நான்காவதை வட்டமிட்டாள். அன்று ஆபர்னுக்கு ஓய்வு. அலபாமாவுக்குச் சொந்த மைதானத்தில் ஆட்டம்.

"அன்னிக்குத்தான் கல்யாணம். சர்ச்சுல என் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக நீங்க வரணும்பா. வருவீங்களான்னு இப்ப கேக்கல."

"வேணாம்மா," என்றார் வெண்டெல். ஹாலிஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "இருக்கட்டும்பா. எனக்கும் அந்தத் தேதிதான்," என்றபடி வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றான்.

ராய்ஸ் மெதுவாக எழுந்து வந்தார். இருவரும் விலகி வழிவிட்டார்கள். இரண்டு அட்டைகளையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி நீல அட்டையைப் பிய்த்தெடுத்தார். ஃப்ரிட்ஜ் கதவில் அதன் இடம் வெறிச்சோடியது. குப்பைக்கூடை அவர் காலடியில்தான் இருந்தது, அதில் போடவில்லை. அவர் அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய், எண்ணெய் விரலால் அந்த வட்டத்தைத் தொட்டார். மை இன்னும் காயவில்லை. விரலில் ஒட்டியது.