அரக்கனுக்கு ஒரு மெமோ

இருபத்தைந்து வருஷம் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் நிர்வாகப் பிரிவுக் கோப்புகளை மேய்த்து ஓய்வுபெற்ற பக்தவத்சலம், 1998-இல் தீமையை ஒழிக்கக் கிளம்பினார். 'வஜ்ரபுரியின் வாள்', நானூறு பக்க மாயாஜால நாவல். நல்லவன் இளவரசன் சத்தியகேது. கெட்டவன் அரக்கன் காளதந்தன். ஞாயிற்றுக்கிழமை வெளியீடு, அழைப்பிதழ் போய்விட்டது. அட்டைகூட அச்சாகிவிட்டது: இளவரசன் கையில் ரத்தம் சொட்டும் வாள், காலடியில் அரக்கன் தலை.

வியாழன் காலை, செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு எதிரே டிடிபி கடையில் கடைசி அத்தியாயத்தை அடித்துக்கொண்டிருந்த ஜோதிலட்சுமி கையை நிறுத்தினாள்.

"இன்னா சார் இது? இளவரசரு வாளை உருவிட்டு, அரக்கனுக்கு ஓலை குட்த்துகினு கீறாரு?"

"விளக்கம் கேட்காம தண்டிச்சா நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் என்னம்மா வித்தியாசம்? பதினஞ்சு நாள் அவகாசம்."

"அவனும் பதினாலாவது நாளே பதிலு எழுதிட்டான்."

"எழுதுவான். விவரம் தெரிஞ்சவன்."

நாவலிலேயே அடித்தல் திருத்தல் இல்லாமல் அவர் எழுதிய பகுதி அந்தப் பதில்தான். ஊர் எரிந்தது காற்று திசை மாறியதால். இளவரசியைத் தூக்கிச் சென்றது அவளுடைய பாதுகாப்பை முன்னிட்டு. முந்தைய அரக்கர்கள் காலத்திலும் இதுவே நடைமுறை, நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன.

"அடுத்த வரியில 'ஒரே வீச்சில் தலை உருண்டது'ன்னு கீது. பதிலைப் படிச்சிட்டு வெட்னாரா, படிக்காமயா?"

பக்தவத்சலம் காகிதத்தை வாங்கிப் படித்தார். இன்னொரு முறை படித்தார். குற்றம் சொல்ல ஒரு வரி அகப்படவில்லை. விளக்கம் திருப்திகரமாக இருந்தால் மேல் நடவடிக்கை கிடையாது. அது அவருக்குத் தெரியாது என்று யாராலும் சொல்ல முடியாது.

"பதிலை எடுத்துடலாமா சார்?"

"கோப்புல சேர்ந்த காகிதத்தையா?"

அவள் திருடச் சொன்னதுபோல் பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, வாங்கிவந்த டீ ஆடை கட்டும்வரை எழுதினார். ஜோதிலட்சுமி வாங்கி உரக்கப் படித்தாள்.

"'காளதந்தன் நிர்வாகக் காரணங்களுக்காகக் கீழைத் தீவுக்கு உடனடியாக மாற்றப்படுகிறான்.' அந்தத் தீவுக்காரங்க இன்னா சார் பாவம் பண்ணாங்க?"

"அது வஜ்ரபுரி எல்லைக்குள்ள வராதும்மா."

"செரி. அட்டையில தலை கெடக்குதே?"

பக்தவத்சலம் அட்டையைக் கிட்டே வைத்துப் பார்த்தார். எட்ட வைத்தும் பார்த்தார்.

"குனிஞ்சு உத்தரவை வாங்கிக்கிறான்."

"உடம்பு?"

"முன்னாடியே கிளம்பிப் போயிடுச்சு. நீ அடிம்மா."