கரிச்சூளையில் விட்டுப் போனவள்

ஜெர்மனியில், காசல் நகரத்துக்குத் தெற்கே ஓர் அச்சகத்தில் இருபத்தாறு வருஷம் புத்தகக் கட்டு தூக்கினேன். பெரும்பாலும் குழந்தைகளுக்கான கதைப் புத்தகம். இந்தப் பக்கத்து ஜனங்கள் சொல்லக் கேட்டு, என்றோ சேகரித்து எழுதி வைத்த கதைகள். படம் மாறும், அட்டை மாறும். காடும் ஓநாயும் மாறாது.

"எக்கார்ட், ஓநாய் இருக்கிற வரைக்கும் நமக்கு ரொட்டிக்குப் பஞ்சமில்லடா" என்பான் கூட வேலை செய்த ஓட்மார்.

தூக்கிய எதையும் எனக்குப் படிக்கத் தெரியாது. அட்டையின் நிறத்தை வைத்துக் கட்டுகளைப் பிரிப்பேன். இது என் மனைவி மாரியனுக்கு மட்டும் தெரியும். அவள் பிரிந்து ஃபுல்டாவுக்குப் போய்விட்டாள். மகள் கெசீனெ என்னிடம் இருந்தாள். அப்போது அவளுக்கு நாலு வயது.

காலை ஷிப்ட் முடிந்து வந்து, காபி குடித்ததும் அவளுக்கு ஒரு கதை. மூலை நசுங்கிய புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப்போக விடுவார்கள். அப்படி வந்த ஒன்றின் படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என் அம்மா சொன்ன கரிச்சூளைக் கதை. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மனப்பாடமாகச் சொன்னேன். பஞ்சத்தில் ஒரு தாய், தான் பெற்ற பெண்ணைக் காட்டில் கரிச்சூளைக்குக் காவல் வைக்கிறாள். கரி வெந்து புகை நீலமாவதற்குள் வருகிறேன் என்று போகிறாள். வரவில்லை. மூன்று வருஷம் கெசீனெ அதையே கேட்டாள்.

அந்த மூன்று வருஷமும் சனிக்கிழமைதோறும் மகளைக் கூட்டிப்போக மாரியன் காரில் வருவாள். கெசீனெ துணி அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள்.

"பிள்ளைகிட்ட என்னத்தச் சொல்லி வெச்சிருக்க?"

"ஒண்ணும் சொல்லல."

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பள்ளியில் சேர்ந்த வருஷம், நவம்பரில், கெசீனெ அந்தப் புத்தகத்தைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அப்பா, இங்க அம்மான்னே இல்ல. மாற்றாந்தாய்னு இருக்கு. எல்லாப் பக்கத்துலயும்."

நான் ரொட்டியில் ஈரல் சாசேஜ் விழுதைத் தடவிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து தடவினேன்.

"நீ மாத்திப் படிச்சியா? அம்மா மேல கோவமா?"

"இல்ல."

"அப்ப இது தப்பா அச்சடிச்ச புத்தகமா? அதான் உனக்குச் சும்மா குடுத்தாங்களா?"

ஆமாம் என்றால் போதும். நம்புவாள். சனிக்கிழமை மறுபடி அலமாரிக்குள் போவாள். என்னிடமே இருப்பாள்.

"புத்தகம் சரிதான். எனக்குப் படிக்கத் தெரியாது."

சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"பக்கத்தச் சரியாத் திருப்புவியே?"

"படத்தப் பாத்து."

"டீச்சர் அனுப்புற சீட்டு?"

"கையெழுத்து மட்டும் போடுவேன்."

"அப்ப அந்த அம்மா?"

"எங்கம்மா அப்படித்தான் சொன்னா. நானும் சொன்னேன்."

பழைய கதைகள் சிலவற்றில் விட்டுப் போனவள் பெற்றவள்தான் என்பதும், பிள்ளைகள் மிரளக்கூடாதென்று அச்சில் மாற்றாந்தாய் ஆக்கினார்கள் என்பதும் பின்னாளில் தெரிந்தது. தெரிந்து என்ன.

சனிக்கிழமை கெசீனெ கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். மாரியன் நம்பவில்லை.

"என்ன சொன்ன இவகிட்ட?"

"படிக்கத் தெரியாதுன்னு."

மகளை ஏற்றிக்கொண்டு காரை எடுத்தாள். நான் பாத்திரம் கழுவினேன்.

கோடையில் கெசீனெ அம்மாவிடம் போய், ஃபுல்டா பள்ளிக்கே மாறிவிட்டாள். நான் எழுத்துப் படிக்க மாலை வகுப்பில் சேர்ந்தேன். எனக்காகப் பெரிய எழுத்தில், வரிக்கு நாலே சொல்லாகக் கடிதம் போடுவாள். முதல் கடிதத்தைப் படித்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிடித்தது. பூனை வாங்கியிருக்கிறார்களாம். சாம்பல் நிறமாம்.