காய்ந்த பலகை

கொரியாவின் குன்சானில் டேக்வாண்டோ பள்ளி நடத்துகிறவரைக் கட்டிக்கொண்டால் வீட்டில் படுக்க இடம் கிடைக்காது. பனிக்காலத்தில் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடும். அந்தச் சூட்டில் பைன் பலகைகளைப் பரப்பிக் காயவைப்பது என் வேலை. நன்றாகக் காய்ந்த பலகை, குழந்தை உதைத்தாலும் உடையும். எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். மாஸ்டர் மட்டும் காயாத பலகையை உடைக்க வேண்டும்.

என் கணவர் தோக்சு இதில் ரொம்பப் பீற்றிக்கொள்வார். "பச்சைப் பலகைய உடைக்காதவன் மாஸ்டரே இல்ல" என்பார் பெற்றோர்களிடம். மணிக்கட்டில் அறுவை சிகிச்சை ஆகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது.

"இந்த வருஷம் வேண்டாங்க" என்றேன்.

"நீ பிள்ளைங்கள ஏத்திட்டு வர்ற வேன ஓட்டு, போதும்."

பெற்றோர் விழாவில் அவர்தான் முதலில். கையால் ஒரே வெட்டு. காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல் சத்தம். அது நான் காயவைத்த பலகை. குழந்தைகளின் அடுக்கிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு, தன்னுடைய பச்சைப் பலகையை அடியில் செருகியிருக்கிறார். உபரி இருக்கும் என்று நினைத்திருப்பார். நான் ஆளுக்கொன்றுதான் காயவைத்திருந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

கடைசியாக வந்தவள் சோயுல். ஏழு வயது. அவள் அப்பா லீவு போட்டு வந்து, போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். மிச்சமிருந்த ஒரே பலகையைக் கையில் எடுத்ததும் தோக்சுவின் முகம் வெளிறியது. கனத்திலேயே தெரிந்திருக்கும். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். மனுஷன் திறக்கவில்லை.

சோயுல் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு உதைத்தாள். மறுபடி உதைத்தாள்.

"பாப்பா, காலையில சாப்பிடலையா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, கூடமே சிரித்தது. அவள் அப்பா போனை இறக்கிவிட்டார்.

அவள் அழுதுகொண்டே குனிந்து வணங்கினாள். "மன்னிச்சிடுங்க மாஸ்டர். உங்க பேரக் கெடுத்துட்டேன்."

"என்னங்க!" என்று கத்தியேவிட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. பலகையை அவள் அப்பாவிடம் நீட்டினார். "கொஞ்சம் பிடிங்க. இது எனக்குன்னு வச்ச பலகை. நான் உடைச்சது உங்க பொண்ணோடது."

அறுவை சிகிச்சை ஆன அந்தக் கையாலேயே அடித்தார். உடையவில்லை. மறுபடி அடித்தார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் தலைகுனிந்து நின்றார்.

சோயுல் மூக்கைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள்.

"கத்திக்கிட்டே அடிங்க மாஸ்டர்" என்றாள் மெதுவாக. "கத்தினா உடையும்னு நீங்கதானே சொன்னீங்க?"