நாற்காலிச் சத்தம்

என் பல் அச்சு அந்த ஆய்வுக்கூடத்தில் ஓர் ஆணியில் தொங்குகிறது. கருப்பு மெழுகில் பதித்தது. மேல் வரிசையில் இடப்பக்கம் ஒரு பல் உடைந்திருப்பதுகூட அதில் அச்சாகத் தெரியும். கயிற்றில் 3 என்று எழுதிய அட்டை. 1 என் தங்கை. 2 கீழ்த்தளப் பட்டறையில் கடைசல் வேலை பார்க்கும் பெரியவர். கண்ணை ஆராய்பவர்களிடம் முதலில் பல்லைக் காட்ட வேண்டும் என்பது அங்கே போகும்வரை எனக்குத் தெரியாது. தலை ஒரு மயிரிழை நகர்ந்தாலும் வெளிச்சம் விழித்திரையில் வேறு இடத்தில் விழுந்துவிடுமாம். அதனால் இரும்புக் கம்பியில் பொருத்திய மெழுகைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

நான் இயற்பியல் மூன்றாம் ஆண்டில் பாதியில் நின்றவன். காரணம் கேட்பவர்களுக்காக ஒரு கதை வைத்திருந்தேன். சொல்லிச் சொல்லி அது எனக்கே அலுத்துவிட்டது. போகப் பிடிக்கவில்லை, போகவில்லை. இப்போது ஒரு குளிர்கிடங்கில் இரவு ஷிப்ட். பெட்டி ஏற்றுவது, பெட்டி இறக்குவது. வீட்டில் என் பேச்சு வந்தால் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவார் என்று கேள்வி. நான் அங்கே போவதில்லை.

தங்கை அந்தக் கூடத்தில் கண்ணைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். சோதனைக்கு உட்கார மூன்றாவது ஆள் கிடைக்கவில்லை. மாணவர்கள் இரண்டு தடவை வருவார்கள், அப்புறம் பரீட்சை என்பார்கள். கடைசியில் என் அறைக்கு வந்து, நான் தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்ததும் விஷயத்தைச் சொன்னாள்.

"இருட்டுல சும்மா உட்காரணும். அவ்வளவுதான் தகுதி. உன்னை விட்டா யாருண்ணா இருக்கா?"

சின்ன வயதிலிருந்தே அவளை ஆந்தை என்றுதான் கூப்பிடுவேன். கண் அவ்வளவு பெரிது. நான் ஆந்தைன்னா நீ வௌவாலா என்று அன்றைக்குத் திருப்பிக் கேட்டாள். செவ்வாய், வியாழன், காலை ஒன்பது மணி என்று முடிவானது. ஷிப்ட் எட்டுக்கு முடியும். நேராக அங்கே போய்விடுவேன்.

வேலை இதுதான். அறை முழுக்கக் கருப்பு வண்ணம், கதவிடுக்கில் கருப்பு நாடா. முதல் நாற்பது நிமிடம் வெறும் இருட்டு. மங்கிய வெளிச்சத்தைப் பிடிக்கும் கோல் செல்கள் முழுதாக விழிக்க அவ்வளவு நேரம் ஆகும். அப்புறம் மெழுகைக் கடித்து, ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளியை நேராகப் பார்க்க வேண்டும். 'டிக்' என்று விளக்கின் முன்னால் உள்ள மூடி திறந்து மூடும். அந்தக் கணத்தில் புள்ளிக்குப் பக்கவாட்டில் ஒரு வெளிச்சம் வரலாம். அது வெளிச்சம் என்று சொல்லவே கூச்சப்படும் அளவுக்கு மங்கலானது. தெரிந்தால் வலது பொத்தான், தெரியாவிட்டால் இடது. ஒரு நாளைக்கு முந்நூறு தடவை. அதில் அறுபது தடவை மூடி 'டிக்' என்னுமே தவிர வெளிச்சம் வராது. எது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அந்த அறுபதின் கணக்கைப் பேராசிரியர் பூட்டி வைத்திருப்பார். பன்னிரண்டு அமர்வும் முடிந்த பிறகுதான் திறப்பார். பாதியில் பார்த்தால் ஆய்வு செய்பவரின் ஆசை உள்ளே புகுந்துவிடும் என்பது அந்தக் கூடத்தின் சட்டம்.

அந்த நாற்பது நிமிடம் தங்கையும் உள்ளேயே இருப்பாள், திரைக்கு அந்தப் பக்கம். இரண்டு பேருக்கும் வேறு வேலை கிடையாது. பேசினோம். ஐந்து வருடத்தில் பேசாததை எல்லாம் பேசினோம் என்று சொல்லமாட்டேன். அவளுடைய செருப்பு தேய்ந்தது, எங்கள் கிடங்கில் ஒருவன் நின்றுகொண்டே தூங்குவது, அம்மாவின் முழங்கால், இப்படி. ஒருநாள் பேராசிரியர் ஓர் அத்தியாயம் முழுவதையும் அடித்துவிட்டார் என்றும் கழிவறையில் போய் அழுதேன் என்றும் சொன்னாள். அத்தியாயம் எத்தனை பக்கம் என்று கேட்டேன்.

"அறுபது."

"அறுபது பக்கத்துக்கு எவ்வளவு நேரம் அழுத?"

கொஞ்சம் யோசித்து, பத்து நிமிடம் என்றாள். பரவாயில்லை, பக்கத்துக்குப் பத்து நொடிதான் என்றேன். அவள் சிரித்து அடங்க நேரமானது.

தப்பு மூன்றாவது அமர்வில் ஆரம்பித்தது. அவள் முன்னால் ஒரு சிவப்புத் திரை உண்டு. அதில் என் பதில்கள் மட்டும் வரிசையாக ஓடும். வெளிச்சம் வந்ததா, எவ்வளவு வந்தது என்பது அவளுக்கும் தெரியாது. ஆனால் நான் தொடர்ந்து நான்கைந்து தடவை இடது பொத்தானை அமுக்கினால் அவள் நாற்காலி கிறீச்சிடும். இருப்புக் கொள்ளாமல் நெளிகிறாள் என்று புரிந்தது. மூன்றாவது ஆளும் சரியில்லையோ என்ற பயமாக இருக்கும். பத்து அமுக்கினால் இரண்டு தடவை கிறீச்சிடும். இருட்டில் அந்தச் சத்தம் பெரிய சத்தம்.

ஒருமுறை எதுவும் தெரியாமலே வலது பொத்தானை அமுக்கினேன். நாற்காலி அடங்கியது.

அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. நாற்காலி அசைந்தால் வலது. நான் அதைப் பொய் என்றுகூட நினைக்கவில்லை. பெட்டி சாய்ந்தால் கை தானாகப் போய்த் தாங்குமே, அப்படி.

பன்னிரண்டாவது முடிந்த அடுத்த திங்கட்கிழமை மதியம் என் கதவைத் தட்டினாள். கையில் ஒரு வரைபடம். பேராசிரியர் பூட்டைத் திறந்துவிட்டாராம். வெளிச்சமே வராத எழுநூற்று இருபது தடவையில், அவள் தெரிந்தது என்று சொன்னது பதினாலு தடவை. பட்டறைப் பெரியவர் இருபத்திரண்டு. நான் இருநூற்று ஏழு.

அவள் முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

இருட்டிலும் கோல் செல்கள் சும்மா இருப்பதில்லை, எப்போதாவது ஒன்று வெளிச்சம் வந்ததாகத் தானே பொய்ச் செய்தி அனுப்பும், அது எல்லோருக்கும் உண்டு என்று விளக்கினாள். உனக்கு அது பத்து மடங்கு இருக்கிறது, அப்படி ஒரு கண்ணை இதுவரை யாரும் அளந்ததாகத் தெரியவில்லை, வெள்ளிக்கிழமை துறைக்கூட்டத்தில் இதைத்தான் பேசப்போகிறேன் என்றாள். பேராசிரியர் நம்பவில்லையாம். ஆள் கைக்கு வந்த பொத்தானை அமுக்கியிருக்கிறார், மூன்றாம் எண்ணைத் தூக்கிவிடு என்றாராம்.

"நான் விடல. என் அண்ணன் வாயில மரியாதைக்குக்கூட ஒரு பொய் வராது சார்னு சொல்லிட்டேன். என் புதுக் கண்ணாடியப் பார்த்துட்டு தவளை மாதிரி இருக்குன்னவன் நீ. தெரியலன்னா தெரியலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆள்."

நான் ஓ என்றேன். வியாழக்கிழமை உறுதிப்படுத்த ஓர் அமர்வு கூடுதலாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்று நாள் வேலையில் பெட்டிகளைத் தப்பான அடுக்கில் வைத்துத் திட்டு வாங்கினேன். சொன்னால் அவளுக்கு ஒன்றரை மாதம் வீண். எனக்கும் அந்த அறைக்குள் வேலை இருக்காது. சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை இருபது பேர் முன்னால் அவள் என் பேரில் சத்தியம் செய்வாள்.

வியாழக்கிழமை இருட்டில் உட்கார்ந்து கால்மணி நேரம் ஆகியிருக்கும்.

"ஆந்தை."

"ம்."

"என் கண்ணுல விசேஷம் ஒண்ணும் இல்ல."

"அதை நீ சொல்ல முடியாது. டேட்டா சொல்லணும்."

"தெரியாமலே தெரிஞ்சதுன்னு அமுக்கினேன்."



"எத்தனை தடவை?"

"எண்ணல. மூணாவது நாள்லேருந்து."

"எதுக்குண்ணா?"

"உன் நாற்காலிக்காக."

என்ன நாற்காலி என்று கேட்டாள். சொன்னேன். இடது பொத்தான், கிறீச், வலது பொத்தான், அமைதி. சொல்லும்போது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது. நான் முடித்ததும் அவள் அசைந்தாள் போல. நாற்காலி நீளமாகக் கிறீச்சிட்டது. இரண்டு பேரும் அதைக் கேட்டோம்.

"அறிவு இருக்கா உனக்கு?"

"இருந்தா படிச்சு முடிச்சிருப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. ஒன்றரை மாதம் போச்சு என்றாள். சார் முன்னால் என்ன மூஞ்சியை வைத்துக்கொண்டு நிற்பேன் என்றாள். அழுகிறாளா என்று காதைத் தீட்டினேன். மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும் இரண்டு தடவை. அப்புறம் குரல் மாறியது.

"நாற்காலி சத்தம் போடுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்தியிருப்பேன்ல."

"நீ பயந்துட்டு இருந்த. அதைப் போய் உங்கிட்டயே எப்படிச் சொல்றது?"

நாற்பது நிமிட மணி அடித்தது. நான் மெழுகைக் கடிக்கவில்லை. அவளும் கடிக்கச் சொல்லவில்லை. விளக்கைப் போட்டாள். இரண்டு பேரும் கண்ணைப் பொத்திக்கொண்டோம். அந்த வெளிச்சம் ஊசி மாதிரி குத்தும்.

வெள்ளிக்கிழமை நடந்ததைப் பட்டறைப் பெரியவர்தான் எனக்குச் சொன்னார். அவள் எழுந்து நின்று, மூன்றாம் எண்ணின் பன்னிரண்டு அமர்வும் செல்லாது, காரணம் தன் நாற்காலி, பதில்கள் ஓடும் திரையைத் தன் கண்ணுக்கு முன்னால் வைத்தது தன் பிழை என்றாளாம். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. பேராசிரியர் வெகுநேரம் நாடியைத் தடவிவிட்டு, ஆய்வேட்டில் நாற்காலியைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னாராம். புது ஆளைப் போடு என்றும் சொன்னாராம். அதற்கு அவள், புது ஆளும் ஒருநாள் தனக்காகக் கவலைப்பட ஆரம்பிக்கலாம், அது எப்போது என்று தெரியாது, இவர் விஷயம் தெரிந்துவிட்டது, இவரே இருக்கட்டும் என்றாளாம். பெரியவர் தன் பங்குக்கு அந்தத் திரைக்குத் தகரத்தில் ஒரு மூடி செய்து கொடுத்திருந்தார்.

"உங்க கண்ணால எனக்கு வேலை தம்பி. என் கண்ணு ஒழுங்கா இருக்குன்னு ஒருத்தர் கூடப் பாராட்டல" என்றார்.

செவ்வாய்க்கிழமை மறுபடி ஒன்றாவது அமர்வு. நாற்பது நிமிடத்தில் அவள் அதிகம் பேசவில்லை. அம்மாவுக்கு முழங்கால் தேவலை என்றாள். அப்பா நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டதாகச் சொன்னாள். டிவி ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

மெழுகைக் கடித்தேன். டிக். தெரியவில்லை, இடது. டிக். இடது. எட்டு தடவை வரிசையாக இடது. என் வலது கட்டைவிரல் துடித்தது. காதைத் தீட்டினேன். எந்தச் சத்தமும் இல்லை. அவள் எழுந்து போய்விட்டாளோ என்றுகூடத் தோன்றியது. டிக். இடது. தெரிந்தால் வலது, தெரியாவிட்டால் இடது என்று முந்நூறும் முடித்தேன்.

மெழுகிலிருந்து வாயை எடுத்து எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன்.

"தரையில. பாய் போட்டிருக்கேன்."

"நாற்காலி?"

"வெளிய தூக்கிப் போட்டாச்சு."

"தூங்கிட்டியா?"

"ரெண்டு தடவை" என்றாள். கொட்டாவியோடு எழுந்து விளக்கின் சுவிட்சைத் தேடும் சத்தம் கேட்டது. "வியாழன் ஒன்பது மணி. பல் தேய்ச்சுட்டு வா, மெழுகு நாறுது."