கடைமடைக்குப் பெண் பார்க்கப் போனவன்

"என்ன சோலி?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், தாணப்பனுக்கு முகம் சுண்டிப்போகும். "சர்க்கார்ல" என்று முனகிவிட்டுப் பேச்சை மழையின் மேலோ மாட்டின் மேலோ திருப்பிவிடுவான். சொன்னது பொய்யில்லை. திருவிதாங்கூர்-கொச்சி சர்க்காரின் மராமத்து இலாகாவில்தான் அவனுக்குச் சம்பளம். ஆனால் செய்கிற வேலை என்னவென்றால், பேச்சிப்பாறை அணையிலிருந்து வருகிற கால்வாய் தக்கலைக்குக் கிழக்கே இரண்டு கிளையாகப் பிரியும் இடத்தில் நின்று, இரும்புச் சக்கரத்தைச் சுற்றி ஷட்டரை ஏற்றுவது, பிறகு இறக்குவது. ஷட்டர் லஸ்கர் என்று அதற்குப் பெயர். நாலாம் பாரம் வரை படித்து, முத்து முத்தாக எழுதப் பழகிய கைக்கு இந்தச் சக்கரமா வாய்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆறாத எரிச்சல்.

"ஒரு காளையைக் கட்டி விட்டாலும் இதைச் சுத்தும், அத்தான்" என்று அக்காள் புருஷன் வள்ளிநாயகத்திடம் புலம்புவான்.

வள்ளிநாயகம் நல்ல மனுஷர். ஆனால் எதையும் உள்ளபடி சொல்ல அவர் வாய்க்கு வராது. வீட்டில் ஒரு கன்று பிறந்தால் வெளியே அது ஜோடியாகத்தான் பிறந்திருக்கும். அந்த வருஷம் மாசியில் அவர் மைத்துனனுக்காக இரண்டு காரியங்களை ஒன்றாகக் கையிலெடுத்தார். ஒன்று, திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் கச்சேரியில் பியூன் வேலை. காக்கிக் கோட்டு, உட்கார ஸ்டூல், தலைக்கு மேலே ஃபேன். இன்னொன்று, நெட்டாங்கரை என்ற ஊரில் பெண். பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளைக்கு எஞ்சினீயர் ஆபீஸில் உத்தியோகம் என்று சொல்லி வைத்திருந்தார்.

"எதுக்கு அத்தான் இந்தப் பொய்?"

"ஏலே, இன்னும் கொஞ்ச நாள்ல நீ கச்சேரிக்குப் போயிருவ. பொறவு இந்த ஷட்டர் பேச்சை ஆரு எடுக்கப் போறா?"

அது மழை ஏமாற்றிய வருஷம். ஐப்பசி, கார்த்திகை இரண்டும் தூறலோடு போய்விட்டன. கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல் கதிர் வாங்கி நிற்க, தண்ணீரை முறை வைத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். வியாழன் விடிந்ததும் இடது கிளையின் ஷட்டரைத் திறக்க வேண்டும், ஞாயிறு அந்திக்கு அடைக்க வேண்டும். அதன்பிறகு வலது கிளைக்காரர்களின் முறை. ஆனால் ஞாயிறு உச்சிப்பொழுதுக்கே தாணப்பன் அடைத்துவிடுவது வழக்கம். ஓவர்சியர் அத்திபூத்தாற்போலத்தான் வருவார். வலது கிளையில் வயல் உள்ள ரத்தினம் அந்த நேரத்துக்குச் சரியாக ஒரு சீப்பு பாளையங்கோட்டான் பழத்தோடு வந்து நின்று சிரிப்பார். இடது கிளையை எட்டிப் பார்த்தால் அது கரை தொட்டு ஓடிக்கொண்டிருக்கும். இவ்வளவு ஓடுகிறதே, இனி யாருக்கு என்ன குறை என்று இவனும் சக்கரத்தைச் சுற்றிவிடுவான். இலாகாப் பலகையில் அதற்கு இடது கிளை என்று பெயர். அது எங்கே போய் முடிகிறது என்று இவன் யாரிடமும் கேட்டதில்லை, கேட்கத் தோன்றியதும் இல்லை.

பெண் பார்க்கப் போவது திங்கட்கிழமை என்று முடிவானது. ஞாயிறு அன்று இவன் வழக்கத்தைவிடவும் முந்தி ஷட்டரை இறக்கிவிட்டு, கால்வாய்ப் படியில் உட்கார்ந்து தன்னுடைய ஒரே நல்ல சட்டையைச் சோப்பு போட்டுத் துவைத்தான். நீலம் முக்கினான், கஞ்சி போட்டான், செம்புக்குள் தணலைப் போட்டு மடிப்புக் கலையாமல் தேய்த்தான்.

மறுநாள் நாகர்கோவில் வரை பஸ். அங்கிருந்து ஒரு கால்வாய்க் கரையைப் பிடித்து நடந்தார்கள். போகப்போகக் கால்வாய் மெலிந்தது. நெட்டாங்கரை வந்தபோது அதில் ஓட்டமே இல்லை. பள்ளங்களில் மட்டும் கலங்கல் தேங்கிக் கிடந்தது. இரண்டு பக்கமும் வயல்கள் வெடித்திருந்தன. கதிர்கள் நிமிர்ந்து நின்றன. உள்ளே பால் பிடித்த கதிர் அப்படி விறைத்து நிற்காது என்பது வயலே இல்லாத தாணப்பனுக்கும் தெரியும்.

பெண்ணின் அப்பா நாராயணபெருமாள் வாசலுக்கு வந்து அழைத்துப் போய் உட்கார வைத்தார். முந்திரிக்கொத்தும் காப்பியும் வந்தன. பெண் அழகியநாயகி தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்து ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். தாணப்பனுக்கு அந்தப் பார்வையே போதுமாயிருந்தது. இந்த ஊரைவிட்டு எழுந்து போகவே மனசில்லை.

வள்ளிநாயகம் விளைச்சல் எப்படி என்று விசாரித்தார். அதுதான் வினையாய்ப் போயிற்று.

"வெளைச்சலா? பயிரு கருகிக்கிட்டு நிக்கி" என்றார் நாராயணபெருமாள். "தண்ணி விட்டிருக்குன்னு சொல்லுகான், இங்க கடைமடையில வந்து பாத்தா சேறுதான் கெடக்கு. தக்கலைக்குக் கிழக்க ஷட்டர்ல ஒரு லஸ்கர் இருக்கானாம். எங்க வயித்துல அடிக்கானே, அவனுக்க கை வெளங்குமா? அவன் வீட்டுல உலை கொதிக்குமா?"

வள்ளிநாயகத்துக்கு முந்திரிக்கொத்து தொண்டையில் சிக்கிக்கொண்டது. இருமி, தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கவலப்படாதீங்க. நம்ம மாப்பிள எஞ்சினீயர்ட்ட ஒரு வார்த்த சொன்னா போதும். அந்தப் பயலுக்கு அன்னைக்கே சீட்டு கிழியும்" என்றார்.

பெண் பார்க்கப் போன இடத்தில் தன்னையே வேலையிலிருந்து தூக்குவதாக அத்தான் வாயால் வாக்குக் கொடுத்த மாப்பிள்ளை, நாஞ்சில் நாட்டில் தாணப்பன் ஒருவனாகத்தான் இருப்பான். அவன் தலையைக் குனிந்துகொண்டான். தான் தேய்த்த சட்டையின் மடிப்பு அவன் கண்ணையே குத்தியது.

அப்போது வெளியிலிருந்து யாரோ, "பெருமாளண்ணே, உங்க முறை வந்தாச்சு. இறைக்கலேன்னா அடுத்த வீட்டுக்காரன் இறங்கிருவான்!" என்று கத்தினார்கள். பள்ளத்தில் தேங்கிய கலங்கலையும் வீட்டுக்கு வீடு முறை வைத்துத்தான் இறைத்துக்கொண்டிருந்தார்கள். நாராயணபெருமாள் விருந்தாளிகளைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மம்பட்டியை எடுத்துவிட்டார். அழகியநாயகி பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறைகூடையோடு வெளியே வந்தாள். இறைகூடைக்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம் கயிற்றைப் பிடித்து வீச வேண்டும். அம்மை பகவதியம்மாளுக்கோ மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது.

"நான் பிடிக்கேன்" என்று தாணப்பன் எழுந்தான்.

மாப்பிள்ளையும் பெண்ணும் எதிரெதிரே நின்று தண்ணீர் இறைப்பதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்கலாம். கதிர் வாங்கின பயிர் காய்கிறபோது எல்லாம் நடக்கும். அப்பா வயலுக்குள் வரப்பை வெட்ட, அம்மை காலால் மண்ணை ஒதுக்கி நீரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். வள்ளிநாயகம் பனைமர நிழலில் துண்டால் விசிறிக்கொண்டு நின்றார்.

முதலில் பேசியது அவள்தான். "இறைச்சுப் பழக்கம் உண்டா?"

"இல்ல."

"தெரியுது. கயித்தை இழுக்காதீங்க, விட்டுப் பிடிங்க."

கொஞ்ச நேரம் போன பிறகு அவன் மெல்லக் கேட்டான். "மேல ஷட்டர் தொறந்தா இங்க எப்பிடித் தெரியும்?"

"முதல்ல சருகு வரும்" என்றாள். "வாய்க்காலு காஞ்சு கெடக்குல்லா, வழியில உள்ள சருகை எல்லாம் தண்ணி தள்ளிக்கிட்டு வரும். அதுக்குப் பின்னால நுரை. அதுக்குப் பின்னாலதான் தண்ணி. சருகைக் கண்டாச்சுன்னா ஊரு பூராவும் மம்பட்டியோட ஓடி வருவோம்."

"வந்து?"

"நேத்தைக்கும் ஓடி வந்தோம். சருகு வந்துது. நுரையும் வந்துது. தண்ணி வரல்ல."

தாணப்பனுக்குக் கை ஓயவில்லை, மனசு ஓய்ந்துபோயிற்று. ஞாயிறுதோறும் கரை தொட்டு ஓடுவதாகத் தான் பார்த்த தண்ணீர் அவ்வளவும் வழியில் காய்ந்த மண் குடிப்பதற்கே சரியாகியிருக்கிறது. மண் குடித்து முடித்த பிறகு ஓடுவதுதான் இவர்களுக்கு. அது கிளம்புகிற நேரம் பார்த்து அவன் அடைத்திருக்கிறான், ஒரு சீப்பு பழத்துக்காகக்கூட இல்லை, வெறும் வழக்கத்தில். இத்தனை நாளும் காளை செய்கிற வேலை என்று நினைத்திருந்தான். காளையை மேய்ப்பவன்கூட அது எங்கே போகிறது என்று பார்ப்பானே, இவன் தண்ணீர் எங்கே போகிறது என்றே பார்க்கவில்லை.

"அந்த லஸ்கர் நான்தான்" என்றான்.

கூடை தொப்பென்று விழுந்தது. அவள் கயிற்றை விட்டுவிட்டாள்.

"எஞ்சினீயர் ஆபீஸுன்னு..."

"அது அத்தான் சொன்னது. நான் சக்கரம் சுத்துகவன்."

அவள் அவனை வெறித்துப் பார்த்தாள். "நேத்தைக்கு எதுக்கு நேரத்தோட அடைச்சிய?"

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "உங்களைப் பாக்க வரணும்லா. சட்டை துவைச்சேன்."

அவள் சட்டையைப் பார்த்தாள். காலரிலிருந்து கீழ் மடிப்பு வரைக்கும் பார்த்தாள். பிறகு குனிந்து கயிற்றை எடுத்துக்கொண்டாள்.

"நல்லா வெளுத்திருக்கு" என்றாள்.

கலங்கல் வற்றும்வரை இரண்டு பேரும் இறைத்தார்கள். புறப்படும்போது நாராயணபெருமாள், "சொல்லி அனுப்புகோம்" என்றார். திரும்பும் வழியெல்லாம் வள்ளிநாயகம் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டே வந்தார். தாணப்பன் காய்ந்த கால்வாயைப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

அடுத்த வியாழன் விடியுமுன்பே அவன் ஷட்டரடியில் நின்றான். சக்கரத்தைச் சுற்றியதும் தண்ணீர் பாய்ந்து, காய்ந்த கால்வாயில் கிடந்த மாவிலையையும் பலா இலையையும் உருட்டிக்கொண்டு போயிற்று. இத்தனை நாள் கண்ணில் படாத சருகு. அது வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றான். அது எங்கே போய்ச் சேரும் என்று இப்போது தெரியும். அங்கே யார் மம்பட்டியோடு ஓடி வருவாள் என்றும் தெரியும்.

ஞாயிறு உச்சிக்கு ரத்தினம் பழத்தோடு வந்தார். "சுத்துலே மக்கா."

"அந்திக்குத்தான்."

"என்னலே புதுசா? வாய்க்காலு நெறைஞ்சு போவுதே, இனி ஆருக்கு?"

"இவ்வளவு நேரமும் போனது வழிக்கு. கடையில இருக்கவங்களுக்கு இனிதான் போவணும். பழத்தைக் கொண்டு போங்க அண்ணாச்சி, உங்க முறை அந்திக்குப் பொறவு முழுசா உண்டு, அதுல ஒரு சொட்டு கொறையாது."

ரத்தினம் முணுமுணுத்துக்கொண்டே போனார். அவர் போன சூட்டோடு வள்ளிநாயகம் கையில் பையோடு ஓடி வந்தார். கச்சேரி சூப்பிரண்டை அன்று அந்திக்குள் திருவனந்தபுரத்தில் அவர் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். மறுநாள் என்றால் அந்த ஸ்டூலில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும்.

"பஸ்ஸு போயிரும்லே! அடைச்சுட்டு வா."

"இப்பம் அடைச்சா அங்க சருகுதான் போவும், அத்தான்."

"சருகா? ஒனக்கு கிறுக்கு பிடிச்சிருக்கு. ஃபேனுக்குக் கீழ உக்காரப் போறவன் பேசுகிற பேச்சா இது? காலம் பூரா இந்தச் சக்கரத்தையே கட்டிக்கிட்டு அழப் போறியா?"

அந்த ஸ்டூலுக்குத் தாணப்பன் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறான்! ஆனாலும் சக்கரத்தின் மேல் வைத்த கையை அவன் எடுக்கவில்லை. அத்தான் திட்டித் தீர்த்தார், துண்டை உதறினார், பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். குழித்துறை வழியாகத் திருவனந்தபுரம் போகிற பஸ்ஸின் ஹாரன் ரோட்டிலிருந்து கேட்டது. பிறகு அதுவும் ஓய்ந்தது.

சூரியன் அடைகிற நேரத்தில் ஷட்டரை இறக்கினான். சக்கரத்தின் கிரீஸ் சட்டையெல்லாம் அப்பியிருந்தது. தண்ணீர் போய்ச் சேர்ந்ததா? திங்கள் முழுக்க ஒரு தகவலும் இல்லை. கைக்கு வந்த கச்சேரி வேலையையும் தட்டிவிட்டு, பெண்ணையும் கோட்டைவிட்டு, தண்ணீரும் போய்ச் சேராமல் இருந்தால்? அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு ஆள் கரையோடு நடந்து வந்தார். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. தோளில் ஒரு செவ்வாழைக் குலை. தூரத்திலிருந்தே, "ஷட்டர் லஸ்கர் ஆரு?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

நாராயணபெருமாள்! அப்படியென்றால் அவள் அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. தாணப்பன் எழுந்து நின்றான்.

"நான்தான் மாமா."

அவர் குலையை இறக்கவும் இல்லை, மேலே நடக்கவும் இல்லை. "நீரா? எஞ்சினீயர் ஆபீஸுன்னுல்லா சொன்னாவ? அப்பம் உமக்கு என்ன சோலி?"

இந்த முறை அவன் முனகவில்லை. "நெட்டாங்கரைக்குத் தண்ணி அனுப்புகதுதான் என் சோலி" என்றான். "முன்னால ஒழுங்காச் செய்யல்ல. நீங்க அன்னைக்கு ஏசினது சரிதான்."

நாராயணபெருமாள் குலையை மெதுவாக இறக்கி வைத்தார். "ஞாயித்துக்கிழமை அந்திக்குச் சருகு வந்துது" என்றார். "நுரை வந்துது. பொறவு தண்ணி வந்துது பாரும், விடிய விடிய வந்துது. கடைசி வரப்பு வரைக்கும் ஏறிட்டு. நாங்க ஆரும் உறங்கல்ல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த லஸ்கரை நேருல கண்டு ரெண்டு வார்த்த சொல்லிட்டு வாங்கன்னு எனக்க மக அனத்திக்கிட்டே இருந்தா. எதுக்குன்னு இப்பமுல்லா தெரியுது."

தாணப்பன் தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். கிரீஸ் கறை இன்னும் போகவில்லை.

"இன்னும் ஒண்ணு சொல்லச் சொன்னா" என்றார் நாராயணபெருமாள். "எனக்கு ஒரு எழவும் வெளங்கல்ல. கல்யாணத்துக்குச் சட்டை அழுக்கா இருந்தாலும் பரவாயில்லையாம்."