ஐந்து நட்சத்திர இழுப்பு

லண்டனில் மே மாதம் இறந்துபோன ஆரணன், ஜூன் மூன்றாம் திகதியிலிருந்து உலகத்தின் தென்கோடியில், கிளென் ஈடனில், தன் பெற்றோரின் வாடகை வீட்டில் மூச்சுவிடத் தொடங்கினான். அவன் சாக்ஸபோன் வாசித்த ஆங்கிலேய ஜாஸ் குழுவின் புது இசைத்தட்டு அன்றுதான் தபாலில் வந்தது. 'ஈரச் சுவர்' என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தவனும் அவன்தான். ஐந்தாவது பாட்டின் நடுவே வாத்தியங்கள் எல்லாம் அடங்கி, அவன் மூச்சு மட்டும் நாற்பது விநாடி கேட்கும். தட்டை நிறுத்திய பிறகும் அது நிற்கவில்லை. ஸ்பீக்கரின் வயரைக் கழற்றியும் நிற்கவில்லை. ஜன்னல் கண்ணாடிகள் உள்பக்கமாக நனைந்தன. ஈரம் உறிஞ்சும் மெஷின் நாளுக்கு ஒன்பது லீட்டர் தண்ணீர் பிடித்தது. வீட்டு ஏஜென்ட் வந்து பார்த்து, துணிகளை உள்ளே காயப்போட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்த ஐயர், செம்பையும் தர்ப்பையையும் எடுத்து வைத்துவிட்டுக் காது கொடுத்தார். "மூச்சு நிக்காத ஆளுக்கு நான் என்னெண்டு அந்தியேட்டி செய்யிறது?" என்று கேட்டு எழுந்து போனார். கோயிலில் சனம் ஒரு கிழமை அதைப் பற்றிக் கதைத்தது. பிறகு பெற்றோல் விலையைப் பற்றிக் கதைத்தது.

லண்டனிலோ அந்த மூச்சைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். ஒரு பத்திரிகையின் விமர்சகர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, இந்தப் பத்தாண்டின் துணிச்சலான உத்தி என்றார். பெரிய பரிசு ஒன்றின் இறுதிப் பட்டியலிலும் தட்டு ஏறியது. மங்கரே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி முதுகு முறிந்த தகப்பன் நவரத்தினம், விமர்சனங்களை எல்லாம் அச்செடுத்துச் சாப்பாட்டு மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். எஞ்சினியரிங் படிக்கவில்லை என்று மகனோடு மூன்று வருடம் கதைக்காமல் இருந்த மனிதர் அவர். பிழை தன்னுடையதுதான் என்று ஊரே அச்சில் சொன்னது அவருக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

தாய் குணவதிக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. அது உத்தி இல்லை, ஆஸ்துமா இழுப்பு. நாலு வயதில், இதே வீட்டின் பின்னறையில், சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம் ஏறிய குளிர்காலத்தில் அவனைப் பிடித்த இழுப்பு. வேறு வீடு பார்ப்போம், பார்ப்போம் என்றே இருபத்தேழு வருடம் போனது. கடைசியில் அந்த இழுப்பிலேயே லண்டனில் ஒரு தனியறையில் செத்துப்போனான். மகள் ராகவியைக் கொண்டு விமர்சகருக்கு ஆங்கிலத்தில் எழுதுவித்தாள்: "அது வாசிப்பில்லை, ஐயா. என்ரை பிள்ளைக்கு மூச்சு முட்டுது. பக்கத்திலை நிண்ட ஒருத்தரும் மருந்துப் பம்ப் எடுத்துக் குடுக்கேல்லையோ?" அவர் மிக மரியாதையாக அனுதாபம் தெரிவித்தார். கடிதத்தை அடுத்த கட்டுரையில் சேர்த்து, இப்போது கேட்கையில் இன்னும் உருக்கமாக இருக்கிறது என்றும் எழுதினார். அந்தக் கிழமை தட்டு இரண்டு மடங்கு விற்றது. நல்ல காதுள்ள மனிதர், நாசமாய்ப் போக.

ஓகஸ்ட் குளிரில் இழுப்புக் கூடியது. குணவதி போய்ப் பார்த்த பிளாக்ஹவுஸ் பே டொக்டர், மகன் எங்கே என்று கேட்டார். ஹாலில் என்றாள். ஃபோனில் பிடித்துவந்த சத்தத்தைக் கேட்டு மருந்து எழுதினார். சனிக்கிழமை காலை அவள் பம்ப்பைக் குலுக்கிக்கொண்டு ஸ்பீக்கரின் முன்னால் குந்தியபோது நவரத்தினம் மறித்தார்.

"அந்த மூச்சாலைதானப்பா அவனுக்குப் பேர். அதையும் மாத்தினால் அவனுக்கு என்ன மிச்சம்?"

"பேர் பேப்பரிலை கிடக்கட்டும். தள்ளுங்கோ, பிள்ளை மூச்சு விடட்டும்."

நாலு தரம் அடித்தாள். பத்து நிமிடத்தில் இழுப்பு இறங்கியது. உலகத்தில் எங்கெங்கே அந்தத் தட்டு இருந்ததோ, அங்கெல்லாம் இறங்கியது. குழுவினர் இசைத்தட்டுக் கம்பெனியைத் திட்டினார்கள், கம்பெனி குழுவினரைத் திட்டியது. பரிசு வேறு யாருக்கோ போனது. அதே விமர்சகர் மறுபடி கேட்டுவிட்டு இரண்டு நட்சத்திரம் கொடுத்தார்.

நவரத்தினம் அதையும் அச்செடுத்துவந்து, மத்தியான வெயில் விழுந்த ஹாலில் நின்று, மொழிபெயர்த்து உரத்து வாசித்தார். "யாரோ ஒருவர் நிம்மதியாகத் தூங்குகிறார். இதை நாம் ஏன் கேட்க வேண்டும்?" அந்த வரியை இன்னொரு தரம் உரத்து வாசித்தார்.

குணவதி வந்து அவர் கையைப் பிடித்தாள். "உண்மையைத்தானே எழுதியிருக்கிறார். மெல்ல வாசியுங்கோ."

அவர் பேப்பரை மடித்தார். ஸ்பீக்கரில் வெயில் படாதபடி போய்த் திரையை இழுத்துவிட்டார்.