வேண்டாம் என்ற வாசல்

தேசியப் பூங்காவின் பழைய வாசல், மான்கள் தண்ணீருக்குப் போகும் வழியை மறித்துக்கொண்டு நின்றது. புதிய வாசலைத் தெற்குத் தெருவில் வைப்பதா, வடக்குத் தெருவிலா என்று ஊர்க்காரர்களையே கேட்க, பூங்கா அதிகாரி அம்மா கூட்டம் போட்டிருந்தார்.

தெற்குத் தெருவில் தொப்பிக்கடை வைத்திருந்தவர் ஈ ஓட்டியே கை ஓய்ந்து போனவர். அந்த வாசல் வந்தால்தான் பிழைப்பு. ஆனால் ஆசைப்பட்ட சரக்கை ஆசைப்படுவதாகச் சொல்லி வாங்கியவர் அவர் பரம்பரையிலேயே கிடையாது. முகம் சுளிக்க வேண்டும், குறை சொல்ல வேண்டும், எழுந்து நடக்க வேண்டும். விற்பவன் தானாகப் பின்னால் ஓடி வருவான்.

எனவே எழுந்து நின்று, வாசல் வந்தால் தூசி, இரைச்சல், தூக்கம் போச்சு என்று அடுக்கினார். அதிகாரி ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டாரே தவிர, எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. தொப்பிக்காரர் கடைசி அஸ்திரத்தை விட்டார்.

"எங்களுக்கு வேண்டவே வேண்டாம். வேற இடம் பாத்துக்குங்க."

கதவு வரை ஆமை நடை நடந்தார். யாரும் கூப்பிடவில்லை. வெளியே நின்று தொப்பியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"ஐயா சொன்னதை அப்படியே ஏத்துக்கறோம்" என்றது அதிகாரியின் குரல். "வடக்குத் தெருவுலயே வச்சிடலாம்."

வடக்குத் தெருவில் டீக்கடை வைத்திருந்த தொப்பிக்காரரின் மச்சினன் கைதட்டியது வெளியே வரை கேட்டது.

தொப்பிக்காரரின் மனைவி எழுந்தாள். "அவர் வேணாம்னா வேணும்னு அர்த்தம்மா. என்னைக் கட்டிக்கக் கேட்டப்பவும் மூக்கு கொஞ்சம் நீளம்னுதான் ஆரம்பிச்சார்."

சிரிப்பு அடங்கியதும் அதிகாரி நிபந்தனைகளைச் சொன்னார். தெற்குத் தெருவை ஒட்டித்தான் மான்கள் மேய்கின்றன. அங்கே வாசல் வைத்தால் ஒலிபெருக்கி கூடாது, பிளாஸ்டிக் பாட்டில் கூடாது, இருட்டியதும் கடைகளைச் சாத்திவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் அவள் சரி என்றாள். ஒவ்வொரு சரிக்கும் வெளியே ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். கூட்டம் தெற்குக்கே கை தூக்கியது, மச்சினனைத் தவிர.

ஆனால் எழுதியது எழுதியதுதான். வேண்டாம் என்றவரே வேண்டும் என்றால்தான் மாற்ற முடியும் என்று அதிகாரி பேனாவோடு வெளியே வந்தார்.

"வந்தா வந்துட்டுப் போகட்டும்" என்றார் தொப்பிக்காரர், வானத்தைப் பார்த்து.

"வேணுமா, வேணாமாங்க ஐயா?"

அவர் இருமினார், தொப்பியைப் பிசைந்தார்.

"வேணும்."

அதிகாரி எழுதிக்கொண்டு போனார். மனைவி அவர் கையிலிருந்து கசங்கிய தொப்பியை வாங்கி நீவினாள்.

"அந்தம்மா கேட்டதும் சொல்லிட்டீங்க" என்றாள். "எங்கிட்ட இன்னும் மூக்குலயே நிக்கறீங்க."